அரவல்லி அடிவாரத்துல பிளாட் வாங்கலாமா?

கேள்வி: சார், குருகிராம்ல ஐடி வேலையில இருக்கேன். அரவல்லி மலையடிவாரத்துல ஃபார்ம்ஹவுஸ் பிளாட் ஒன்னு வந்திருக்கு. "குவாரியெல்லாம் கோர்ட்டே மூடிருச்சு, இனிமே மலைக்கு ஆபத்தில்ல, தைரியமா வாங்குங்க"ன்னு புரோக்கர் சொல்றார். வாங்கலாமா? - ஒரு வாசகி, குருகிராம்

பதில்: அவசரப்பட்டு அட்வான்ஸ் குடுத்துடாதீங்கம்மா. குவாரி விஷயத்துல அவர் சொன்னது சரிதான், ஹரியானாவுல ஃபரிதாபாத், குருகிராம், நூஹ் மூணு மாவட்டத்து அரவல்லியிலயும் 2009லயே சுப்ரீம் கோர்ட் தடை போட்டுருச்சு. திருட்டுத்தனமா வெட்டறது அதுக்கப்புறமும் நடந்துச்சு, 2022ல நூஹ்ல கல்லு லாரியை மறிக்கப் போன டிஎஸ்பி மேலயே வண்டிய ஏத்திக் கொன்னாங்க, அது தனிக் கதை. ஆனா கல்லு உடைக்கறவன் போன இடத்துக்கு காம்பவுண்டு சுவர் எழுப்பறவன் வந்துட்டான்கறத புரோக்கர் சொல்ல மாட்டார்.

குவாரிக்காரருக்கு மலைக்குள்ள இருக்கற கல்லு வேணும், பில்டருக்கு மலை அப்படியே நிக்கணும், பக்கத்துல வெடி வெச்சா பிளாட் விலை போகாது, அதனால ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு நினைப்போம். ஆனா ரெண்டு பேரும் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கறது ஒரே காகிதத்துக்குத்தான், "இந்த இடம் காடு இல்ல"ன்னு எழுதின காகிதம்.

அதனால நீங்க முதல்ல ஜமாபந்தியை வாங்கிப் பாருங்க, நம்ம ஊர் பட்டா சிட்டா மாதிரி அங்க அது. அதுல "கைர் மும்கின் பஹாட்"னு இருந்தா, அதாவது சாகுபடிக்கு ஆகாத மலைன்னு இருந்தா, அதோட விட்டுடுங்க. அப்புறம் 1900ம் வருஷத்து பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம், அதோட 4வது பிரிவுல சிறப்பு உத்தரவு போட்ட நிலமெல்லாம் காடுதான்னு 2022ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. சரி, அதுலயும் வரலைன்னு வெச்சுக்குங்க, டில்லியையும் சுத்துவட்டாரத்தையும் சேர்த்துப் போட்ட தலைநகர் வட்டாரத் திட்டத்துல இயற்கைப் பாதுகாப்பு மண்டலம்னு குறிச்சிருந்தா மொத்த பரப்புல 0.5 சதவீதம்தான் கட்டலாம், ஒரு ஏக்கருக்கு கணக்குப் போட்டா சுமார் 218 சதுர அடி, ஒரு பெரிய ரூம் அளவுதான் தேறும்!

"கவர்மெண்ட் அப்ரூவல் இருக்கு"ன்னு காட்டினாலும் நம்பிடாதீங்க. சூரஜ்குண்ட் பக்கத்துல காந்த் என்கிளேவ்னு ஒரு காலனி, டவுன் பிளானிங் அனுமதியோட கட்டினது, அந்த 1900ம் வருஷத்து சட்டத்துல 1992ல வந்த அறிவிக்கைக்கு அப்புறம் கட்டின வீட்டையெல்லாம் இடிக்கச் சொல்லி 2018ல தீர்ப்பு வந்துச்சு. அங்கயாவது பணத்தைத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க. 2021ல அதே ஃபரிதாபாத் பக்கம் கோரி காவ்னு ஒரு ஊர்ல, காட்டு நிலம்னு ஆயிரக்கணக்கான ஏழைங்க வீட்டை இடிச்சாங்களே, அந்த ஊரே குவாரியில கல்லு உடைச்ச கூலிக்காரங்க குடிசை போட்டதுல ஆரம்பிச்சதுதான். மலைய வெட்டி சம்பாதிச்சவன் எப்பவோ போயிட்டான், வெட்டின கூலிக்காரன் குடும்பம் தெருவுல நின்னுச்சு. இத எழுதறப்ப இன்னமும் மனசு ஆற மாட்டேங்குது.

கேள்வி: 100 மீட்டர் உயரம் இருந்தாத்தான் அரவல்லின்னு ஏதோ தீர்ப்பு வந்துச்சே, என்ன ஆச்சு? - ஒரு வாசகர், மதுரை

பதில்: 2025 நவம்பர் 20ல சுப்ரீம் கோர்ட் அந்த விளக்கத்த ஏத்துக்கிச்சு, ஜனங்க ரோட்டுக்கு வந்து போராடினாங்க, டிசம்பர் 29ல கோர்ட்டே அத நிறுத்தி வெச்சிருச்சு. எதுக்கு அவ்வளவு கோபம்னா, ராஜஸ்தான்ல 20 மீட்டருக்கு மேல இருக்கற குன்னு 12,081, அதுல 100 மீட்டர தொடறது வெறும் 1,048 தான். மிச்சமெல்லாம் மலையே இல்லன்னு ஆயிருந்தா குவாரிக்காரர், பில்டர் ரெண்டு பேருக்குமே வாசல் திறந்த மாதிரி. ஏற்கனவே ராஜஸ்தான்ல ஆய்வு பண்ணின 128 குன்னுல 31 காணோம்னு 2018ல கோர்ட்லயே பேச்சு வந்துச்சு.

குட்டிக் குன்னுதானேன்னு நினைக்காதீங்க. அந்தப் பாறையெல்லாம் வெடிப்பு விட்ட பாறை, பெய்யற மழை அந்த வெடிப்பு வழியா இறங்கித்தான் கீழ நிலத்தடி நீர் சேருது. டில்லியில இருந்தப்ப அங்க அரவல்லியில இருக்கற அசோலா பட்டி சரணாலயத்துக்குப் போயிருக்கேன், பூச்சு வேலைக்கு பதர்பூர் மண்ணுன்னு சிவப்பு மண்ணு எடுத்த சுரங்கம் அங்கதான் இருந்துச்சு, அப்புறம் மூடிட்டாங்க. பள்ளத்து விளிம்புல நின்னு எட்டிப் பாத்தா கீழ நீலமா தண்ணி, அடியில இருந்து ஊறின நிலத்தடி நீர், வெயில்ல திறந்து கிடக்குது. அங்கிருந்து கொஞ்ச தூரத்துலதான் ஃபரிதாபாத் பட்கல் ஏரி, படகு விட்ட ஏரி அது, வறண்டு வெறும் தரையாக் கிடந்துச்சு.