இன்ஸ்பெக்டர் மீது நஷ்டஈடு வழக்கு போடலாமா?

தக்கலைப் பக்கம் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். பத்து மாதம் முன்பு பூட்டிய வீட்டில் 22 பவுன் திருட்டுப் போனது. எதிர்க்கடை சிசிடிவி பதிவை எடுக்கச் சொல்லி மூன்று முறை அலைந்தும் போலீஸ் எடுக்கவில்லை. பதிவும் அழிந்துபோனது. இப்போது 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் மீது 15 லட்சம் கேட்டு வழக்கு போடலாமா என்பது அவர் கேள்வி.

சகோதரி, ஸ்டேஷனில் அவர்கள் பேசிய விதத்தை விடுங்கள், அது கோர்ட்டில் எடுபடாது. உங்கள் கடிதத்தில் முக்கியமானது அந்த நோட்டீஸ்தான். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் கொடுத்த அறிக்கையைப் பத்மநாபபுரம் கோர்ட் ஏற்றுவிட்டதா? இல்லை என்றால் உடனே ஆட்சேபணை மனு போட்டு, மேல் விசாரணை கேளுங்கள். புகார்தாரரைக் கேட்காமல் அதை ஏற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985லேயே சொல்லியிருக்கிறது. நோட்டீஸை அலமாரியில் வைத்துவிட்டுப் போலீஸோடு மல்லுக்கு நின்று, திருட்டு வழக்கையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நஷ்டஈட்டுக்குப் போலீஸ் அலட்சியமாக இருந்தார்கள் என்றால் மட்டும் போதாது. ஒழுங்காக விசாரித்திருந்தால் நகை திரும்பி வந்திருக்கும் என்றும் நிரூபிக்க வேண்டும். அழிந்துபோன பதிவில் யார் முகம் இருந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? காலக்கெடு ஒரு வருடம்தான். 15 லட்சத்துக்குக் கோர்ட் கட்டணமே 45,000 ரூபாய். நம்ம நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனுக்கு 50 லட்சம் கிடைத்ததே என்பீர்கள். அவர் செய்யாத குற்றத்துக்குக் கைதானவர். 1994இல் கைது, 2018இல்தான் அந்தத் தீர்ப்பு.

எனக்குப் பெரிய பயம் பவுன் கணக்கில். என் கட்சிக்காரர் ஒருவர் புகாரில் 18 பவுன் என்று எழுதிவிட்டு, வக்கீல் நோட்டீஸில் 22 என்றார். 'அம்மா கொடுத்த வளையல் அப்புறம்தான் ஞாபகம் வந்தது' என்றார், அது உண்மையாகவும் இருக்கலாம். அரசு வக்கீல் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், அவ்வளவுதான். அதன்பிறகு போலீஸின் அலட்சியத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, இவர் சொன்னது பொய்யா என்பதே வழக்காகிவிட்டது. நீங்களும் கடிதத்தில் ஓரிடத்தில் 22 என்றும் இன்னோரிடத்தில் 'இருபது சொச்சம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நஷ்டஈடு வழக்கு வேண்டாம். பில் இல்லாவிட்டால் பழைய நகைக்கடன் சீட்டைத் தேடுங்கள், அதில் எடை இருக்கும். கல்யாண ஆல்பத்தையும் எடுத்து வையுங்கள். எஃப்.ஐ.ஆரில் என்ன எடை இருக்கிறதோ, மனுவிலும் அதே எடைதான் இருக்க வேண்டும்.