ஜீப்பில் ‘அ’ இருந்தால் சிவப்பும் பச்சையா?

பிரேக் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசு வண்டிகளும் சாலை விதிகளும் பற்றி வந்து குவிந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், ஹெல்மெட் இல்லை என்று எனக்கு ஆயிரம் ரூபாய் போட்ட போலீஸ்காரர், சாயங்காலம் வெறுந்தலையோடு புல்லட்டில் போகிறார். அவருக்கு விலக்கு உண்டா? (விருதுநகர்)

கிடையாது. உங்களுக்கு ஆயிரம் என்றால் அவருக்கு இரண்டாயிரம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 210பி என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சட்டத்தை அமல்படுத்துகிற அதிகாரம் உள்ளவர்களே அதை மீறினால் அபராதம் இரட்டிப்பு. போலீசுக்கும் எங்கள் ஆர்.டி.ஓ. ஆட்களுக்கும்தான் இது. தாசில்தாருக்கும் பி.டி.ஓ.வுக்கும் உங்களைப் போல ஒற்றை அபராதம். தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. காக்கித் தொப்பிக்கு இல்லை.

எங்கள் ஊர்க் கட்சிப் பிரமுகர் சைரன் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். செல்லுமா? (தஞ்சாவூர்)

செல்லாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற சிலருக்குத்தான் அந்தப் பல குரல் ஹாரன். சிவப்பு விளக்கு 2017 மே 1 முதல் குடியரசுத் தலைவர் காரிலேயே கிடையாது. ஒன்றை மனதில் வையுங்கள்: சலுகை ஆளுக்கு இல்லை, வேலைக்கு. உயிர் போகிற அவசரத்தில், சைரனைப் போட்டுக்கொண்டு, பார்த்து நிதானமாக ஆம்புலன்ஸ் சிவப்பைத் தாண்டலாம். அதே ஆம்புலன்ஸ் டீ குடிக்கப் போகும்போது சிக்னலில் நிற்க வேண்டும்.

அதிகாரி அவசரப்படுத்தி டிரைவர் ஒன்வேயில் நுழைந்தால் குற்றம் யார் மேல்? (கரூர், அரசு ஓட்டுநர்)

தம்பி, உங்கள் மேல்தான். சலானும் உங்கள் பெயரில், லைசென்ஸை நிறுத்தி வைத்தாலும் உங்களுடையதைத்தான். ‘ஐயா சொன்னார்’ என்பதை எழுத சலானில் கட்டம் கிடையாது.

தொண்ணூறுகளில் ஒரு பைபாஸில் தணிக்கையில் நின்றேன். எதிர்த்திசையில் ஒரு ஜீப் வந்தது. நிறுத்தினேன். பின்சீட்டில் இருந்தவர் விரித்த பேப்பரை இறக்கவே இல்லை. டிரைவர் லைசென்ஸை நீட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் முருகன் படம், கை லேசாக நடுங்கியது. “மீட்டிங் லேட்டாகுது” என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிரைவர் மேல் இரக்கம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். பின்சீட்டு மேல் இருந்த பயம்தான், வேறென்ன? அதே இடத்தில் அன்றைக்கு நாலு டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரர்களுக்கு எழுதினேன்.

கேமராவுக்கு அந்தப் பயம் இல்லை. கர்நாடக முதல்வர் சித்தராமையாவின் அரசு காருக்கே 7 வழக்கு விழுந்திருந்தது, பெரும்பாலும் சீட் பெல்ட். 2025இல் பாதித் தொகை தள்ளுபடி அறிவித்தபோது கட்டினார்கள்.

இந்திரா காந்தி காரையே கிரேனில் தூக்கினாராமே கிரண் பேடி? (மதுரை)

1982இல் டெல்லி கன்னாட் பிளேஸில் தூக்கியது பிரதமர் அலுவலகக் கார். தூக்கியவர் நிர்மல் சிங் என்ற சப் இன்ஸ்பெக்டர். பேடியே இதைச் சொல்லியிருக்கிறார். பெயர் அவருக்கு வந்தது, ‘கிரேன் பேடி’ என்று.

மீதிக் கதை நம் பக்கத்தில். 2019இல் புதுச்சேரி துணைநிலை ஆளுநராகத் தெருவில் இறங்கி ஹெல்மெட் போடச் சொன்னார். அக்டோபரில் முதல்வர் நாராயணசாமி ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் ஓட்டுக் கேட்கப் போக, பேடி நடவடிக்கை எடுக்கச் சொன்னார். நாராயணசாமி ஒரு பழைய படத்தை எடுத்துப் போட்டார்: ஸ்கூட்டரின் பின்னால் பேடி, தலையில் ஹெல்மெட் இல்லை. அப்புறம் யார் யாரைக் கேட்பது?

நாங்குநேரியில் அரசு பஸ்ஸில் டிக்கெட் எடுக்க மறுத்த போலீஸ்காரருக்கும் கண்டக்டருக்கும் வந்த தகராறில் யார் பக்கம் நியாயம்? (திருநெல்வேலி)

டிக்கெட் விஷயத்தில் கண்டக்டர் பக்கம். பணிக்காகப் போவதற்கான பயண வாரண்ட் இருந்தால்தான் போலீசுக்கு இலவசப் பயணம் என்றது அப்போது போக்குவரத்துத் துறை. ஆனால் 2024 மே மாதம் அதற்கப்புறம் அரசு பஸ்களுக்குச் சரமாரியாக விழுந்த நோ பார்க்கிங், சீட் பெல்ட் அபராதங்களும் பொய்யில்லை. அந்த பஸ்கள் முந்தின வாரமும் அங்கேதான் நின்றன. கடைசியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், அபராத வேகமும் அடங்கியது.

அரசு ஜீப்புக்கு இன்சூரன்ஸே இல்லையாமே? (தருமபுரி)

ஆமாம், சட்டமே விலக்கியிருக்கிறது, பிரிவு 146. அதற்காக இடித்தால் இழப்பீடு இல்லை என்று அர்த்தமில்லை. அரசே கொடுக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் வழக்குப் போடுங்கள்.

என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீசில் கிளார்க். சொந்த ஸ்கூட்டியில் ‘அ’ ஒட்டியிருக்கிறார், அதில் பையன் ட்யூஷன் போகிறான். பரவாயில்லையா? (சென்னை)

அம்மா, அரசு வண்டிக்கு நம்பரிலேயே ‘ஜி’ வரும். உங்கள் ஸ்கூட்டிக்கு அந்த ‘அ’ எதையும் தராது. சென்னையில் 2024 மே 2 முதல் இப்படி நம்பர் பிளேட்டில் ஒட்டியவர்களுக்கு 500 ரூபாய் போட்டார்கள். பையனுக்கு லைசென்ஸ் வயசு ஆகிவிட்டதா என்று வேறு நான் கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தடவி பத்து நிமிஷம் ஊறவிட்டு உரியுங்கள், பெயிண்ட் போகாது.