குளச்சல் கரையின் பழைய படங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தக்கலையில் முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கடை மூடிய பிறகும், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையின் பழைய படம் எங்கே இருக்கிறது என்று யாராவது சொன்னால் போய்ப் பார்த்துவிடுவேன். இன்று காலை முதல் இரவு வரை உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். படத்தை அனுப்பும்போது அதன் பின்பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பாதி விஷயம் அங்கேதான் இருக்கும்.

குளச்சல் போர் நடந்தபோது எடுத்த படம் ஏதாவது கிடைக்குமா ஐயா? கல்லூரிக் கருத்தரங்குக்கு வேண்டும்.

கிடைக்காது தம்பி. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது 1741 ஆகஸ்டில். புகைப்படம் என்ற ஒன்று பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல். டச்சுப் படைத் தளபதி டிலனாய் சரணடைவதாக எல்லோரும் பகிரும் படம் ஓவியம். பத்மநாபபுரம் அரண்மனையில் அந்தக் காட்சியைக் காட்டும் ஓவியத்தைப் பார்க்கலாம். கருத்தரங்குக்கு வெற்றித் தூணையும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் டிலனாய் கல்லறையையும் நீங்களே போய் எடுங்கள், அதுதான் சரியான சான்று.

மணவாளக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. அப்பாவின் அப்பா மணல் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒரு படத்தில் கரை முழுக்கக் கருப்பாக இருக்கிறது, பெண்கள் கடவப் பெட்டியில் எதையோ சுமக்கிறார்கள், பின்னால் சாக்கு அடுக்கியிருக்கிறது. பிரிண்ட் கெட்டுப்போய்க் கருத்துவிட்டதா?

கெடவில்லை. உங்கள் ஊர் மணலே கருப்புத்தான். அதில் இருக்கும் கனிமங்களில் இல்மனைட் கருப்பு, கார்னெட் சிவப்பு. அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடி பிளேட்டுக்குச் சிவப்பு நிறம் தெரியாது, அதனால் சிவப்பு மணலும் படத்தில் கருப்பாகவே விழும். நீல நிறத்தை மட்டும் நன்றாக வாங்கும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். தூரத்து மலை மேல் இருக்கும் நீலப் புகைமூட்டமும் வெளுத்துப்போய் மலையே காணாமல் போகும். ‘மலை தெரியவில்லை, அதனால் இது நம் ஊர் இல்லை’ என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சாக்குகளுக்கு ஒரு பெரிய கதை உண்டு. நம் கரையிலிருந்து தேங்காய்க் கதம்பையில் திரித்த கயிறு ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டுபிடித்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிற மேண்டில் வெள்ளையாக எரிவது தோரியத்தால்தான். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்கெல்லாம் கேஸில் எரிந்த காலம் அது, தோரியத்துக்கு அவ்வளவு கிராக்கி. மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு அவர் மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை போட்டார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர் என்பதால் அவரைப் பிடித்துவிட்டார்கள், தொழில் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மின்விளக்கு பரவியதும் மேண்டிலுக்கு மவுசு குறைந்தது. அப்புறம் வெள்ளைப் பெயின்டுக்காக இல்மனைட்டைத் தேடி வந்தார்கள்.

உங்கள் படத்தில் இருக்கிற பெண்கள் தலையில் சுமந்த மணல்தான் லண்டன் தெருவில் வெளிச்சமாக எரிந்தது. ஆனால் அவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் குறிப்பிலும் இல்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீடுகளிலோ எண்பது தாண்டிய பாட்டி யாராவது இருந்தால், இந்த வாரமே படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரு பெயர் கிடைத்தாலும் எனக்கு எழுதுங்கள்.

குளச்சல்காரி நான். தாத்தா வீட்டுச் சுவரில் தொங்கிய படம் இது. கரையில் சாக்கு மூட்டைகள், இடுப்பளவு தண்ணீரில் ஆட்கள் மூட்டையைத் தலையில் வைத்து வள்ளத்துக்குக் கொண்டுபோகிறார்கள், தூரத்தில் கப்பல். இது குளச்சல்தானே?

அருமையான படம் தங்கச்சி. குளச்சலில் கப்பல் கரைக்கு வராது. வெளியே நங்கூரமிட்டு நிற்கும், வள்ளம்தான் சரக்கைக் கொண்டுபோகும், கொண்டுவரும். அந்த வேலையை இவ்வளவு பக்கத்திலிருந்து காட்டும் படத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

ஆனால் இது குளச்சல் இல்லை என்று நினைக்கிறேன். படத்தில் கடல் இடப்பக்கம், தூரத்தில் ஒரு பாறை முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. நம் கடல் தென்மேற்கே இருக்கிறது. கடல் இடப்பக்கம் வந்தால் கேமரா வடமேற்கே, இனயம் பக்கம் பார்க்கிறது என்று அர்த்தம். குளச்சலிலிருந்து அந்தப் பக்கம் பார்த்தால் இப்படி ஒரு முனை தெரியாது. பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

(அதே சகோதரி) பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது அண்ணா. ஆனால் தாத்தா குளச்சலை விட்டு எங்கும் போனதில்லை.

தாத்தா போகாவிட்டாலும் படம் பயணம் போயிருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், மற்றவர்களும் பார்க்கட்டும்.

குளச்சல் போர் ஒரிஜினல் போட்டோ ப்ளீஸ்.

முதல் பதிலைப் படியுங்கள்.

‘1900இல் குளச்சல் துறைமுகம்’ என்று வாட்ஸப்பில் வருகிறதே, நீளமான இரும்புப் பாலம் கடலுக்குள் போகிற படம், அது உண்மையா?

இதே படம் இந்த வருடத்தில் மட்டும் ஆறு பேரிடமிருந்து எனக்கு வந்துவிட்டது. அது திருவனந்தபுரம் வலியதுறை. அங்கிருந்த பழைய இரும்புப் பாலம் 1947இல் ‘பண்டிட்’ என்ற கப்பல் மோதி உடைந்தது, அதற்குப் பதிலாகக் கட்டியது 1956இல் வந்தது. இன்னொரு பாலமும் குளச்சல் பெயரில் சுற்றுகிறது. பின்னால் கலங்கரை விளக்கமும் பாறையே இல்லாத தட்டையான கரையும் தெரிந்தால் அது ஆலப்புழை. நிச்சயமில்லாத படத்துக்கு ஊர்ப் பெயர் போட்டு அனுப்பாதீர்கள். ஒருமுறை தவறான பெயர் ஒட்டிக்கொண்டால் பத்து வருடம் ஆனாலும் பிய்க்க முடியாது.

தேங்காப்பட்டணத்திலிருந்து: மூட்டை சுமக்கிற படம் எங்கள் ஊர். அரபிக்காரர் காலத்திலிருந்து கப்பல் வந்த துறை எங்களுடையது. சந்தேகமே வேண்டாம்.

உங்கள் துறையின் பழமையை நான் மறுக்கவில்லை. ஆனால் தேங்காப்பட்டணத்தில் குழித்துறை ஆறு கடலில் சேருகிறது. அந்தப் பொழிமுகம் படத்தில் இருக்க வேண்டாமா?

(அதே அன்பர்) கேமரா பொழிமுகத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தால்?

நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாறை முனைக்கு விளக்கம் வேண்டுமே.

கடியப்பட்டினம்: பாறை என்றால் நாங்கள்தான். எங்கள் கரையில் நின்று எடுத்தது.

பாறை உண்டு, சரி. கப்பலுக்குச் சரக்கு ஏற்றிய துறையா? சாக்கு அடுக்கைப் பாருங்கள், நூற்றுக்கு மேல் இருக்கும். கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு, பக்கத்தில் இல்லாமல் அவ்வளவு மூட்டை கரைக்கு வராது.

கன்னியாகுமரிப் பாறைப் படங்களுக்கு வருடம் கண்டுபிடிப்பது எப்படி?

இது சுலபம். காந்தி மண்டபம் இல்லையென்றால் 1956க்கு முன். விவேகானந்தர் பாறையில் மண்டபம் இருந்தால் 1970 அல்லது அதற்குப் பின். திருவள்ளுவர் சிலை முழுசாக நின்றால் அநேகமாக 2000 அல்லது அதற்குப் பின், இரண்டு பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் இருந்தால் 2024 டிசம்பர் கடைசி அல்லது அதற்குப் பின். அச்சிட்ட தலைப்பு இருந்தால் அதையும் பாருங்கள். திருவிதாங்கூர் என்றிருந்தால் பெரும்பாலும் 1949க்கு முன், திரு–கொச்சி என்றிருந்தால் 1956 வரை, சென்னை மாநிலம் என்றிருந்தால் 1969க்குள்.

விவேகானந்தர் பாறையில் தியானம் செய்யும் நிஜப் படம்?

இல்லை. 1892இல் அங்கே யாரும் கேமராவோடு போகவில்லை.

இந்தப் பழைய படத்துக்கு எவ்வளவு கிடைக்கும் சார்?

நான் விலை சொல்வதில்லை. விற்பதாக இருந்தால் அதற்கு முன் நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மரங்களின் படம் இருக்கிறது. எந்தக் காலம் என்று எப்படிச் சொல்வது?

கடற்கரைக்காரர்கள் கட்டுமரத்தை மரம் என்றுதான் சொல்வோம், மற்றவர்கள் தென்னையைத் தேட வேண்டாம். மரத்தைப் பார்த்து மட்டும் காலம் சொல்ல முடியாது, அது நூறு வருடம் முன்பும் அதே மாதிரிதான். வலையைப் பாருங்கள். பருத்தி வலையைத் தினமும் காயவைத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மக்கிவிடும். கரை முழுக்க வலை விரித்துக் கிடந்தால் அநேகமாக நைலான் பரவுவதற்கு முந்திய காலம். பிளைவுட் வள்ளமும் வெளிப்பொருத்து மோட்டாரும் தெரிந்தால் 1980களுக்கு இப்பால் வந்துவிட்டீர்கள்.

சுனாமியில் நனைந்த கல்யாணப் படம் ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

தயவுசெய்து பிய்க்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். நனைந்து காய்ந்தால் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துடைத்து, வெயில் நேராகப் படாத வாசலில் வைத்து, கண்ணாடி வழியாகவே படம் எடுங்கள். பளபளப்பு விழுந்தால் கேமராவுக்குப் பின்னால் ஒரு கருப்புத் துணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருப்பேன்: லேமினேஷன் சூட்டில் பழைய படம் செத்துவிடும், திருப்பி எடுக்க வழியே இல்லை.

2004 டிசம்பருக்குப் பிறகு, ஜனவரி முழுக்க என் கடைக்குக் கொட்டில்பாட்டிலிருந்தும் குளச்சலிலிருந்தும் சேறு படிந்த படங்கள் வந்தன. ஒரு அம்மா கொண்டுவந்தது நான்கு விரல் அகலத் துண்டு. அதில் அவருடைய மகளின் பாதி முகம்தான் இருந்தது. நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, துணி மேல் முகம் மேலே பார்க்க நிழலில் உலர்த்தி, நகல் எடுத்துக் கொடுத்தேன். இழுக்காமல் கொண்டுவந்ததால்தான் அந்தப் பாதியாவது மிஞ்சியது. உங்கள் படம் இருபது வருடமாக அப்படியே ஒட்டியிருக்கிறது, இன்னும் இருக்கும். அவசரப்படாதீர்கள்.

ஏஐ வைத்துக் கலர் போட்டால் பழைய படம் உயிரோடு வருகிறதே, ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

வீட்டில் பார்த்து மகிழ்வதற்குப் போடுங்கள். ஆனால் அதை ‘அந்தக் காலம்’ என்று பகிராதீர்கள். மணவாளக்குறிச்சிக் கருமணலை அது வெள்ளையாக்கிவிடும். தெளிவில்லாத முகத்துக்குப் பதில் வேறு யாருடைய முகத்தையோ செய்து வைத்துவிடும்.

குளச்சல் போர் வீடியோ…

இனி இதற்குப் பதில் இல்லை.

திருவிதாங்கூர் காலத்துப் படங்களை எங்கே பார்க்கலாம்?

அரசுப் புகைப்படக்காரர் சக்கரியாஸ் டிக்ரூஸ் எடுத்த திருவிதாங்கூர் ஆல்பம் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1900இல் கர்சன் பிரபு வந்தபோது கொடுத்தது. லண்டன் மிஷனரிச் சங்கத்தின் ஆவணங்கள் லண்டனிலேயே சோவாஸ் (SOAS) கல்லூரியில் இருக்கின்றன. அரண்மனையும் கோயிலும் முதல் வகையில் கிடைக்கும், நெய்யூர் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இரண்டாவதில். மூட்டை சுமந்தவர்களின் படத்துக்கு நம் வீட்டுச் சுவர்களைத்தான் பார்க்க வேண்டும்.

இனயத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன் அண்ணா. அந்த மூட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடை பிடித்து நிற்கும் கணக்கப்பிள்ளையின் சட்டைப் பை வலப்பக்கம் இருக்கிறது. நாங்கள் எப்போதும் இடப்பக்கம்தானே வைப்போம்?

இந்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நானும் இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். பை வலப்பக்கம். பட்டனும் பெண்கள் ரவிக்கை மாதிரி மாறி விழுகிறது. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள்! மங்கலான பக்கம் தாளைத் தொட வேண்டும். அவசரத்தில் பளபளப்பான பக்கத்தை வைத்துவிட்டால் உலகமே இடம் வலம் மாறிவிடும். என் கடையிலேயே பையன்கள் செய்திருக்கிறார்கள், நான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

திருப்பினால் கடல் வலப்பக்கம் வருகிறது. கேமரா தென்கிழக்கே பார்க்கிறது. அப்படியானால் தூரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது முட்டம் பக்கத்துப் பாறை முனை. தேங்காப்பட்டணத்திலிருந்து பார்த்தால் அது இந்த அளவுக்குத் தெரியாது, தூரம் இரண்டு மடங்கு. கடியப்பட்டினத்திலிருந்து என்றால் படத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். குளச்சல் கரையிலிருந்து பார்த்தால்தான் இந்த அளவு சரியாக வரும். குளச்சல் தங்கச்சி, நான் சொன்னது தப்பு, நீங்கள் சொன்னது சரி. இனயம் தையல்காரருக்கு என் நன்றி.

(குளச்சல் சகோதரி) அழுகையே வந்துவிட்டது அண்ணா. பழைய பிரிண்டை என்ன செய்ய? பெரியம்மாவுக்கு எண்பத்து நாலு வயது. இடமிருந்து மூன்றாவது ஆள் அவருடைய மாமா என்று ஒரு முறை சொன்னார்.

பழையதை அப்படியே வையுங்கள், அதுதான் மூலம். ஸ்கேன் செய்து நகலை மட்டும் திருப்புங்கள். இரண்டின் பின்னாலும் மென்மையான பென்சிலால் எது திருப்பியது என்று எழுதுங்கள், பேனா வேண்டாம். நாளைக்கே பெரியம்மாவிடம் போங்கள், மற்றவர்களின் பெயரையும் கேளுங்கள். கையில் பழைய பிரிண்டையே கொண்டுபோங்கள். அவர் பார்த்துப் பழகியது அதுதான், திருப்பிய படத்தில் அவருடைய மாமா வலமிருந்து மூன்றாவதாக நிற்பார்.