பழைய பிளாஸ்டிக் பைகளைத் தோட்டத்திலும் வெளியிடங்களிலும் எப்படிப் பயன்படுத்தலாம்?

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பறவைகளை விரட்டுவதற்காகப் பைகளை நாடா நாடாவாக வெட்டித் தோட்ட வேலியில் கட்டினேன். காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் பறவைகளுக்குப் பயம் தெளிந்துவிட்டது. சில மாதங்கள் கழித்து ஒரு நாடாவை அவிழ்க்கப் போனால், சருகு மாதிரி விரலுக்குள்ளேயே நொறுங்கியது. பாத்தியில் உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்கவே ஒரு நாள் போயிற்று. வெயிலின் புற ஊதாக் கதிர் பாலித்தீனைப் பொடியாக்குமே தவிர மட்கச் செய்யாது.

அன்று முதல், வேலை முடிந்ததும் திரும்ப எடுத்துவர முடிகிற இடத்துக்கு மட்டுமே பையை வெளியே கொண்டுபோகிறேன்.

அப்படிப் பார்த்தால், கிளையை மரத்தில் இருக்கும்போதே வேர்விட வைக்கும் விண்பதியத்துக்கு இணையான வேலை இல்லை. கொய்யா, மாதுளை போன்ற மரத்தில் பென்சில் பருமனுள்ள கிளையைத் தேர்ந்தெடுத்து, இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுங்கள். நனைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை அங்கே பொதிந்து, நிறமில்லாத பையால் சுற்றி, இரு முனைகளையும் இறுகக் கட்டுங்கள். உள்ளே வெள்ளை வேர் ஓடுவது வெளியிலிருந்தே தெரியும். வேர் நன்றாகப் பின்னியதும் கட்டுக்குக் கீழே வெட்டி நடலாம். நடும் முன் பையைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். நான் ஒருமுறை மறந்திருக்கிறேன்.

குச்சி நட்ட தொட்டியின் மேல் பையைக் கவிழ்த்தாலும் ஈரம் நிற்கும். ஆனால் நிழலில் வையுங்கள். நேர் வெயிலில் குச்சி வெந்துவிடும்.

சைக்கிள் இருக்கைக்கு மழை உறை, நடைப் பயணத்தில் குப்பை சேர்க்க ஒன்று என்பதெல்லாம் எல்லோரும் அறிந்ததுதான். இந்தப் பையை வடிவமைத்த ஸ்வீடன் பொறியாளர் ஸ்டென் குஸ்டாஃப் துலினே ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பாராம். அவருடைய மகன் சொன்னது.

கைப்பிடி அறுந்த பைகளை நான் பாய் ஆக்குகிறேன். பையை நீவி மடித்து, அடிப்பக்கத்தையும் கைப்பிடியையும் நறுக்கிவிட்டு, குறுக்கே மூன்று செ.மீ. வளையங்களாக வெட்ட வேண்டும். வளையத்துக்குள் வளையம் மாட்டி இழுத்தால் முடிச்சில்லாமல் நீளும். மூன்று இழையாகச் சடை பின்னி, சுருட்டித் தைத்தால் உட்காரப் பாய் தயார். ஒரு பாய் ஐம்பது பைக்கு மேல் விழுங்கியது. ஈரத் தரையில் போட்டு உட்கார்ந்து களை பறிக்கிறேன். எழுந்ததும் உதறி, வெயில் படாமல் கொட்டகைக்குள் மாட்டிவிடுவேன்.