பதினாலாயிரம் ரூபாய் கணக்குப் பெட்டி வாங்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டரை வயது. ஒரு வணிக வளாகத்தில் ஸ்டால் போட்டிருந்தவர்கள் 'மூளை வளர்ச்சிக் கணக்கு கிட்' என்று ஒன்றைக் காட்டினார்கள். எண் அட்டை, மரக்கட்டை, மணிச்சட்டம், ஒரு வருட ஆப் சந்தா எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். மூன்று வயதுக்குள் குழந்தை நூறு வரை எண்ணும், கூட்டலும் போடும் என்று நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறார்கள். 2,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். பில் கேட்டும் தரவில்லை, துண்டுச் சீட்டுதான் தந்தார்கள். வீட்டில் மாமியார் திட்டுகிறார். வாங்கலாமா? வேண்டாமென்றால் பணம் திரும்புமா?

பதில்: நியாயம் மாமியார் பக்கம்தான். மீதி 12,000 ரூபாயைக் கட்டாதீர்கள்.

நூறு வரை ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. தட்டில் பத்து முறுக்கை வைத்து, "மூணு எடுத்துக் கொடு பாப்பா" என்று கேட்டுப் பாருங்கள். பத்து வரை கடகடவென்று சொல்லும் குழந்தையும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். மந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்றரை, நான்கு வயதில்தான் பிடிபடும். அதே சமயம், அளவை உணர்வது பிறந்த சில மாதங்களிலேயே இருக்கிறது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகள் 8 புள்ளிகளையும் 16 புள்ளிகளையும் வேறுபடுத்தின. 8க்கும் 12க்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த உணர்வு கிட் வாங்கி வருவதில்லை. நாம் செய்ய வேண்டியது, அதற்குப் பேச்சுத் துணை கொடுப்பதுதான்.

அதற்குச் சேலத்தில் என்ன குறை? தட்டு வடை செட் வாங்கும்போது கீழே ஒரு தட்டு வடை, மேலே ஒரு தட்டு வடை, இரண்டு சேர்ந்தால் ஒரு செட் என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். கொலுசு மாட்டும்போது "இந்தக் காலுக்கு ஒண்ணு, அந்தக் காலுக்கு?" என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஒன்று பொருத்துவது எண்ணுவதற்கு அடித்தளம். உங்கள் பகுதியில் தறிச் சேலைக்குப் பஞ்சமில்லை, பார்டரில் மாங்காய், கோடு, மாங்காய், கோடு என்று விரலால் தடவி "அடுத்து என்ன வரும்?" என்று கேட்டால் அதுவும் கணக்குதான். உழவர் சந்தையில் எந்தப் பூசணி கனம் என்று இரண்டையும் தொட்டுத் தூக்கிப் பார்க்கட்டும். ஏற்காடு போனால் 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு (பாதியில் குழந்தை தூங்கிவிடும், பரவாயில்லை).

தமிழிலேயே எண்ணுங்கள். பதிமூன்று என்ற சொல்லுக்குள் பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தைப் பள்ளியில் பழகிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: புளியங்கொட்டை, சோழி, நாணயம் இவற்றை மூன்று வயதுக்குள் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள், தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

பொம்மை வாங்கியே ஆக வேண்டுமென்றால் சாதாரண மரக்கட்டை போதும். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். உங்கள் கிட்டில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மணிச்சட்டத்து மணி கழன்று வருகிறதா என்று இழுத்தும் பாருங்கள். ஆப் சந்தாவுக்குத் தனியாகப் பணம் கொடுக்கவே வேண்டாம். 2 முதல் 4 வயதுக்கு எல்லாத் திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

சரி, முன்பணம். மனம் மாறினால் கடைக்காரர் பணத்தைத் திருப்பியே ஆக வேண்டும் என்று பொதுவான சட்டம் கிடையாது. ஆனால் உங்களுக்கு இரண்டு பிடி இருக்கிறது. பில் தராதது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. நிரூபிக்க முடியாத உறுதியை அச்சடித்துக் கொடுத்ததைத் தவறான விளம்பரம் என்று வாதாடலாம். அந்த நோட்டீஸைத் தொலைத்துவிடாதீர்கள்! ஆர்டரை ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்புங்கள் என்று இன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் போதும். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. நான்கு வயது மகன் அங்கன்வாடி போகிறான். சேலத்தில் அபாகஸ் (மணிச்சட்டக் கணக்கு) வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவானா?

பதில்: மாட்டான். 3 முதல் 6 வயது வரை அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி இலவசம். தினமும் தவறாமல் அனுப்புங்கள். சாயங்காலம் பல்லாங்குழி ஆடுங்கள். பதினான்கு குழியிலும் காயை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது அவனே எண்ணுவான். காய் தீர்ந்து போனால் அழுவான், அதற்குத் தயாராக இருங்கள்.