வாசகர் கேள்வி–பதில்: எதிரணியை எடை போடுவது எப்படி?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் படிக்கிறாள். அவளுடைய பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் ஆட்டங்களை நானும் இங்கிருந்தபடியே விடாமல் பார்த்து வருகிறேன். அடுத்த வாரம் மோதவிருக்கும் அணி இதுவரை 20 ஆட்டங்களில் வென்று, ஐந்தில் மட்டுமே தோற்றிருக்கிறது. இதை வைத்தே அவர்கள் பலசாலிகள் என்று முடிவு கட்டலாமா?
— ஒரு தந்தை, திருச்சி

பதில்: அவசரப்பட வேண்டாம். அங்கே முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் உள்ளன. ஓர் அணி ஒரு பருவத்தில் ஆடுவதோ முப்பது, முப்பத்தைந்து ஆட்டங்கள்தான். எனவே அந்த 20 வெற்றிகளும் யாரை எதிர்த்து, யாருடைய அரங்கில் கிடைத்தன என்பதை முதலில் பாருங்கள். சொந்த அரங்கில் ஆடுவதே மூன்று, நான்கு புள்ளிகளுக்குச் சமமான அனுகூலம்.

ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்ற சராசரியும் ஏமாற்றக் கூடியது. பந்து ஓர் அணியின் கைக்கு வந்ததிலிருந்து எதிரணியின் கைக்குப் போகும் வரை உள்ளதை ஒரு வாய்ப்பு என்று கொள்ளுங்கள். நிதானமாக ஆடும் அணி 60 வாய்ப்புகளில் 72 புள்ளிகள் எடுத்தால், 100 வாய்ப்புகளுக்கு 120 என்று கணக்காகிறது. வேகமாக ஆடும் அணி 75 வாய்ப்புகளில் 78 எடுத்தால், கணக்கு 104 தான். பலகையில் 78 பெரிதாகத் தெரிந்தாலும் தாக்குதலில் தேர்ந்தது முதல் அணியே. 2018-இல் வர்ஜீனியா அணி ஆட்டத்துக்குச் சுமார் 54 புள்ளிகளே விட்டுக்கொடுத்தது. அவர்களுடைய தற்காப்பு உண்மையிலேயே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் அந்த எண்ணின் ஒரு பகுதி அவர்களுடைய மெதுவான ஆட்டத்தால் வந்தது. 31 வெற்றி, இரண்டே தோல்வி என்ற கணக்கோடு தேசியப் போட்டிக்கு வந்த அந்த அணி, மேரிலாண்ட் பால்டிமோர் கவுன்டி அணியிடம் 74–54 என்று தோற்றது. வென்றவர்களோ அந்த ஜனவரியில்தான் ஆல்பனியிடம் 44 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தார்கள்.

கேள்வி: ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளிவிவரத் தாளில் எண்கள் குவிந்து கிடக்கின்றன. எதிரணியை அறிய எவற்றைப் பார்க்க வேண்டும்?
— ஒரு கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: டீன் ஆலிவர் என்ற ஆய்வாளர் வகுத்த நான்கு அளவுகள் போதும். எறிந்த பந்துகள் எவ்வளவு திறமையாகப் புள்ளிகளாகின்றன, எத்தனை வாய்ப்புகளில் பந்தைப் பறிகொடுக்கிறார்கள், தவறிய தங்கள் எறிவுகளில் எத்தனையை ரீபவுண்டாகத் திரும்பப் பிடிக்கிறார்கள், எதிரணியின் தவறுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கான கோட்டுக்கு எத்தனை முறை போகிறார்கள் என்பவையே அவை. முதலாவதே மிக முக்கியம். அதைக் கணக்கிடும்போது விழுந்த மூன்று புள்ளி எறிவு ஒவ்வொன்றையும் ஒன்றரை எறிவாகக் கொள்ள வேண்டும். இந்த நான்கையும் அந்த அணிக்கும், அந்த அணியை எதிர்த்து ஆடியவர்களுக்கும் தனித்தனியே போட்டுப் பார்த்தால் அவர்களுடைய பலமும் பலவீனமும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை: எதிராளிகள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து குறைந்த விழுக்காடே வெற்றி பெற்றார்கள் என்பதால் மட்டும் ஒரு தற்காப்பைப் புகழாதீர்கள். பந்து கையைவிட்டுப் போன பிறகு அது விழுவதும் விழாததும் பெருமளவு அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது. எத்தனை முறை எறிய இடம் கொடுத்தார்கள் என்பதே தற்காப்பின் உண்மையான அளவு.

கேள்வி: 2023 தேசியப் போட்டியில் பர்ட்யூ அணியை ஃபேர்லி டிக்கின்சன் அணி வென்றது வெறும் அதிர்ஷ்டமா, அல்லது எதிரணியைச் சரியாக அறிந்ததன் பலனா?
— ஒரு வாசகி, சிங்கப்பூர்

பதில்: அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அது வந்து உட்காரக் களம் அமைத்துக் கொடுத்தது எதிரணியைப் பற்றிய அறிவுதான். என் கண்ணில் கல்லூரிக் கூடைப்பந்தில் எதிரணியை எடை போட்டதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பர்ட்யூவின் நடுவில் நின்றவர் 7 அடி 4 அங்குல உயரமுள்ள ஸாக் எடி. ஃபேர்லி டிக்கின்சனோ முதல் பிரிவிலேயே மிகக் குள்ளமான அணி. அவர்களுடைய முக்கிய ஆட்டக்காரர்களில் ஒருவரான டிமீட்ரி ராபர்ட்ஸின் உயரம் 5 அடி 8 அங்குலம்! முந்தைய பருவத்தில் நான்கே ஆட்டங்களில் வென்றிருந்த அந்த அணி, டோபின் ஆண்டர்சன் என்ற புதிய பயிற்சியாளரின் கீழ் வந்திருந்தது. தொடக்கச் சுற்றில் டெக்சாஸ் சதர்னை வென்ற இரவில், பர்ட்யூவைப் பார்க்கப் பார்க்கத் தங்களால் வெல்ல முடியும் என்ற எண்ணமே வலுக்கிறது என்று அவர் தம் ஆட்டக்காரர்களிடம் சொன்னார். அந்தப் பேச்சு வெளியே பரவியபோது பலர் அதைத் திமிர் என்றார்கள். எனக்கு அது கூர்ந்து பார்த்தவரின் பேச்சாகவே படுகிறது.

பார்ப்பதற்கு என்ன இருந்தது? பர்ட்யூ 29 ஆட்டங்களில் வென்றிருந்தது. ஆனால் அதன் ஐந்து தோல்விகளில் நான்கு பிப்ரவரி மாதம் ஒன்றிலேயே வந்தவை. தொடக்க வரிசையில் பந்தை முன்கொண்டு செல்லும் இரு கார்டுகளும் முதலாண்டு மாணவர்கள். தொலைவிலிருந்து எறிந்தவற்றில் அந்த அணி மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுமையாக விழச் செய்யவில்லை. அதாவது, எடியின் கைக்குப் பந்து போகும் வழியைக் குறுகலாக்கிவிட்டால், அவர்கள் தங்களுக்கு அவ்வளவாகக் கைவராத வேலையைச் செய்தாக வேண்டும்.

அன்று கொலம்பஸ் நகரில் நடந்தது இதுவே. எடி வளையத்தின் அருகே இடம்பிடித்ததும் ஒருவர் அவருக்கு முன்னால் வந்து பந்தின் பாதையை மறைத்தார். இன்னொருவர் முதுகுப் பக்கம் நின்றார். பந்தை உயரத் தூக்கிப் போட்டால்தான் அவரைச் சென்றடையும். அப்படிப் போட்டாலும் கீழே இறங்குவதற்குள் மூன்றாமவர் ஓடி வந்துவிடுவார். பந்தோடு வந்த இளைஞர்களை மைதானம் முழுவதும் விரட்டி நெருக்கினார்கள். மூலையில் நின்றவர்களை எறியவிட்டார்கள். பர்ட்யூ 26 முறை தொலைவிலிருந்து எறிந்து ஐந்தே முறை வென்றது. 16 முறை பந்தைப் பறிகொடுத்தது. எடி 21 புள்ளிகளும் 15 ரீபவுண்டுகளும் எடுத்தார், ஆனால் கடைசி ஒன்பது நிமிடங்களில் ஒரு முறைகூட வளையத்தை நோக்கி எறியவில்லை. மறுபக்கம், அதே கொலம்பஸ் ஊர்க்காரரான ஷான் மூர் 19 புள்ளிகள் குவித்தார். முடிவு 63–58.

எடியை அடக்குவது எப்படி என்று கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்காது. எடிக்குப் பந்தைக் கொண்டுவருபவர் யார், அவரைத் தடுமாற வைப்பது எப்படி என்று கேட்டதால்தான் கிடைத்தது. நீங்களும் ஓர் அணியின் நட்சத்திரத்தைப் பார்ப்பதற்கு முன், அவருக்குப் பந்து வந்துசேரும் வழியைப் பாருங்கள்.

கேள்வி: போன வருட ஆட்டங்களின் பதிவுகளைப் பார்ப்பதில் பயன் உண்டா?
— ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: பயிற்சியாளர் மாறவில்லை என்றால், அவருடைய பழக்கங்களை அறிய உதவும். ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை நம்ப வேண்டாம். 2021 முதல் மாணவர்கள் ஓராண்டு காத்திருக்காமலேயே வேறு கல்லூரிக்கு மாறி ஆட முடிகிறது. பாதி அணி புதிதாக இருக்கலாம். அணி கலையாமல் இருந்தாலும் அதே குறை நீடிக்கும் என்பதில்லை. அதே பர்ட்யூ அடுத்த பருவத்தில் பத்துக்கு நான்கு என்ற அளவில் தொலைதூர எறிவுகளை விழச் செய்தது. எடியைச் சுற்றி வளைத்தால் வெளியே நிற்பவர் எறிந்து தண்டித்தார். அவர்கள் 2024 இறுதியாட்டம் வரை சென்று, கனெக்டிகட்டிடம் 75–60 என்று தோற்றார்கள். இந்தப் பருவத்தின் கடைசி ஐந்தாறு ஆட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் தோற்றவற்றை முதலில் பாருங்கள்.