அம்மாவின் வாயையும் காட்டுங்கள்: கேள்வி பதில்

காரைக்குடியில் பல் மருத்துவராக இருக்கிறேன். பிள்ளைகளின் பல்லைப் பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதி, கேட்டவர்களின் சொந்தப் பல்லைப் பற்றியது. அதுவும் சரிதான்.

எனக்கு நாலு சொத்தைப் பல். மகளுக்கு 8 மாதம், இரண்டு பல் முளைத்திருக்கிறது. என் சொத்தை அவளுக்கும் வருமா? (கோட்டையூர்)

சொத்தை ஒட்டாது, அதை உண்டாக்கும் கிருமி ஒட்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயர். பெரும்பாலும் அம்மாவின் எச்சில் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகிறது. சூடு பார்க்க வாயில் வைத்த அதே ஸ்பூனில் ஊட்டாதீர்கள். அதற்காக முத்தம்கூடக் கொடுக்காமல் பிள்ளை வளர்க்க முடியுமா? முதலில் உங்கள் நாலு பல்லுக்கும் வைத்தியம் பாருங்கள். உங்கள் வாயில் கிருமி குறைந்தால் அவளுக்குப் போவதும் குறையும். அவளுக்கு இன்றே துலக்கத் தொடங்கலாம், அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும். 3 வயதுக்கு மேல் பட்டாணி அளவு.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஈறில் ரத்தம் வருகிறது. ‘ஒரு பிள்ளை பெற்றால் தாய்க்கு ஒரு பல் போகத்தான் செய்யும், பிரசவம் முடியட்டும்’ என்கிறார் மாமியார். (தேவகோட்டை)

போகாது. வயிற்றுப் பிள்ளைக்காகத் தாயின் பல்லிலிருந்து கால்சியம் கரைவதில்லை. ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்குகிறது, அழுக்கு சேர்ந்தால் ரத்தம் வருகிறது. பல் வைத்தியத்துக்கு 4 முதல் 6 மாதம் வரை வசதியான காலம், தள்ளிப்போடாதீர்கள். வாந்தி எடுத்த உடனே பல் துலக்க வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

பேரனுக்கு 2 வயது. ராத்திரி பால் பாட்டிலோடுதான் தூங்குவான். முன்பல் கறுத்துவிட்டது. விழுகிற பல்தானே? மகளோ பிரசவத்துக்குப் பிறகு எதிலும் நாட்டமில்லாமல் கிடக்கிறாள். மாப்பிள்ளை சோம்பேறி என்கிறார். (பள்ளத்தூர்)

ஆச்சி, முன்பல் ஆறேழு வயதில் விழும். கடைவாய்ப் பால்பல் 10, 12 வயது வரை வேண்டும். சொத்தை அங்கே பரவுமுன் கூட்டி வாருங்கள். பாட்டில் பாலில் நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டி, கடைசியில் வெறும் தண்ணீராக்குங்கள். இரண்டு நாள் அழுவான், பரவாயில்லை.

எனக்குக் கவலை உங்கள் மகள்தான். மனச்சோர்வு உள்ள தாய்மாரின் பிள்ளைகளுக்குச் சொத்தை அதிகம் என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். இதில் வியப்பென்ன? திமிறுகிற பிள்ளையைப் பிடித்துத் தினம் இரண்டு வேளை துலக்கிவிடத் தெம்பு வேண்டும். தன் பல்லையே துலக்க எழ முடியாதவளிடம் போய், பிள்ளையைக் கவனி என்று சொல்லி என்ன பயன்? அவள் கடைசியாக எப்போது பல் துலக்கினாள், வயிறாரச் சாப்பிட்டாள், தூங்கினாள் என்று மெதுவாகக் கேளுங்கள். சோம்பேறி என்ற பேச்சை மாப்பிள்ளை நிறுத்தட்டும்; ராத்திரித் துலக்கலை அவரே எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும், நீங்கள் இரண்டு வருடம் என்கிறீர்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சீடை, மாவுருண்டை, கருப்பட்டிப் பணியாரம் கொடுக்கலாமா? (கானாடுகாத்தான்)

சீடை சின்னப் பிள்ளைக்கு வேண்டாம், தொண்டையில் சிக்கும். மற்றது சாப்பாட்டு வேளையோடு சரி, நாள் முழுக்கத் தூக்குச்சட்டி திறந்தே இருக்கக் கூடாது. கருப்பட்டி நல்லது என்பீர்கள். கிருமிக்கு அதுவும் சீனிதான்.